மல்லாவியில் அப்படி ஒரு கடைத்தெரு உண்மையில் இருந்ததா?

கேள்வி இதுதான்: "என் அம்மா பள்ளிக்கூடக் காலத்தில் பார்த்த மல்லாவிக் கடைத்தெருவைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்துவதில்லை. நகைக்கடை, புடவைக்கடை, புத்தகக்கடை, கூல்பார் எல்லாம் வரிசையாக இருந்தனவாம். அண்மையில் வன்னிக்குப் போனபோது நேரில் பார்த்தேன். ஒரு சந்தி, சில கடைகள், ஒரு சந்தை, அவ்வளவுதான். சிறு வயதில் பார்த்தவை பெரிதாகத் தெரிவது வழமை. அம்மாவும் அப்படித்தான் சொல்கிறாரா? உண்மையில் இருந்திருந்தால் அது எங்கே போனது?"

உங்கள் அம்மா கூட்டிச் சொல்லவில்லை. 1996ஆம் ஆண்டின் பிற்பகுதி தொடக்கம் 2002ஆம் ஆண்டு வரை இலங்கையின் வடக்கிலுள்ள வன்னிப் பகுதியில் பெரிய கடைத்தெரு எது என்று கேட்டால், கிழக்கே இருந்தவர்கள் புதுக்குடியிருப்பைச் சொல்வார்கள். மேற்கே இருந்தவர்கள் மல்லாவியைச் சொல்வார்கள். நான் அந்த ஆண்டுகளில் மல்லாவியில் படித்தவன். எங்களுடையது வவுனிக்குளத்துத் தண்ணீரில் வயல் செய்த குடும்பம். அப்பாவின் சைக்கிள் பாரில் இருந்துகொண்டு கடைத்தெருவுக்குப் போன வயதிலிருந்து, நானே சைக்கிள் உழக்கிக்கொண்டு போன வயது வரை அதைப் பார்த்திருக்கிறேன். பின்னர் கூட்டுறவுத் துறையில் வேலை செய்ததால், அக்கால வியாபாரிகள் பலரோடு இருந்து பேசும் வாய்ப்பும் கிடைத்தது. ஆகவே இருந்ததா என்ற கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் சொல்லிவிடலாம். எங்கே போனது என்பதற்குத்தான் விளக்கம் வேண்டும். அந்தக் கடைத்தெருவைக் கொண்டுவந்தது போர், கொண்டுபோனது சமாதானம். இதை விளங்கிக்கொள்ளாமல் இன்றைய சந்தியில் நின்று பார்த்தால் எவருக்கும் உங்களுக்கு வந்த சந்தேகம்தான் வரும்.

முதலில் அதற்கு முந்திய மல்லாவியைச் சொல்ல வேண்டும். வவுனிக்குளம் மிகப் பழைய குளம். 1950களில் அதைத் திருத்திக் குடியேற்றத் திட்டம் அமைத்த பிறகுதான் அதன் கீழ் வயல்களும் ஊர்களும் இன்றைய உருவுக்கு வந்தன. அந்த விவசாயக் குடும்பங்களுக்கான சந்திதான் மல்லாவி. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கடை, ஓர் அரிசி ஆலை, உரமும் கிருமிநாசினியும் விற்கும் கடை, சைக்கிள் திருத்தும் கொட்டில், தேத்தண்ணிக் கடைகள் என்ற அளவில் அது இருந்தது. மாசி, பங்குனியில் பெரும்போக நெல் வெட்டி விற்றுக் கடன் அடைத்த பிறகு பிள்ளைகளுக்கு உடுப்பு எடுக்க வேண்டுமானால் மாங்குளத்துக்கோ கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போவார்கள். 1990இல் அரசாங்கத்துக்கும் புலிகளுக்கும் இடையிலான இரண்டாம் கட்டப் போர் தொடங்கி மாங்குளம் அழிந்த பின்னர் கிளிநொச்சி ஒன்றுதான் மிஞ்சியது.

அதன் பிறகு நடந்தவை உங்களுக்குப் பொதுவாகத் தெரிந்திருக்கும். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி, படையினர் முன்னேறி வர, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதிச் சனம் முழுவதும் இடம்பெயர்ந்து வீதிக்கு வந்தது. அவர்கள் போய்ச் சேர்ந்த அயல் பகுதியான தென்மராட்சியில் நெருக்கிக்கொண்டு இருந்தவர்களில் பெருந்தொகையானோர், 1996 சித்திரையில் படையினர் அங்கும் முன்னேறியபோது, கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து வன்னிக்கு வந்தார்கள். அவர்களோடு யாழ்ப்பாண நகரத்து வியாபாரிகளும் வந்தார்கள். முதலில் அவர்கள் கடை விரித்தது கிளிநொச்சியில். சில மாதங்கள்தான். 1996 யூலையில் முல்லைத்தீவு இராணுவ முகாம் புலிகளிடம் வீழ்ந்த கையோடு படையினரின் 'சத்ஜெய' நடவடிக்கை தொடங்கியது. செப்ரெம்பர் இறுதிக்குள் கிளிநொச்சி படையினர் கைக்குப் போனது. கிளிநொச்சிச் சனம் ஒரு பக்கம் அக்கராயன், ஸ்கந்தபுரம், துணுக்காய், மல்லாவி என்றும், மறுபக்கம் விசுவமடு, புதுக்குடியிருப்பு என்றும் பிரிந்தது. மழைக்காலத்துக்குச் சற்று முன்னர் எங்கள் வீதியால் மாட்டுவண்டிகளும் லான்ட்மாஸ்ரர் என்ற இருசக்கர உழவு இயந்திரங்களும் வரத் தொடங்கியது எனக்கு நினைவிருக்கிறது. அவற்றில் ஏற்றியிருந்தவை வீட்டுச் சாமான்கள் மட்டுமல்ல. கண்ணாடி அலுமாரிகள், தராசுகள், கால்மிதி தையல் இயந்திரங்கள், சுருட்டிய புடவைக் கட்டுகள், பெயர்ப்பலகைகள் எல்லாம் வந்தன.

பெயர்ப்பலகையை ஏன் குறிப்பிட்டுச் சொல்கிறேன் என்றால், எனக்குக் கடைத்தெரு என்றவுடன் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். மல்லாவியில் ஒரு பாலை மரத்தில் ஆணி அடித்துத் தொங்கவிட்டிருந்த நகைக்கடைப் பலகையில் 'கஸ்தூரியார் வீதி, யாழ்ப்பாணம்' என்று இருந்தது. அதற்குக் கீழே கிளிநொச்சி முகவரி ஒன்றைப் பின்னர் எழுதி, அதையும் பூச்சால் அழித்திருந்தார்கள். மூன்றாவதாக 'மல்லாவி' என்று எழுதவேயில்லை. நான் கேட்டபோது கடைக்கார ஐயா, "அதை எழுதுறதுக்குள்ள அடுத்த ஊருக்குப் போக வேண்டி வந்திடும், தம்பி" என்றார். அவர் பகிடியாகத்தான் சொன்னார். ஆனாலும் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தும் கடைசிவரை எழுதவில்லை.

சரி, வன்னியில் எத்தனையோ சந்திகள் இருக்க மல்லாவி ஏன்? இதற்குக் காரணம் வழிதான். யாழ்ப்பாணத்துக்குப் போகும் பிரதான வீதியான ஏ9 வீதியால் வவுனியாவிலிருந்து தாண்டிக்குளம் ஊடாகச் சாமான் வந்த காலத்தில் வீதியோர ஊர்களுக்கு ஒரு வசதி இருந்தது. 1997 மே மாதம் படையினரின் 'ஜயசிக்குறு' நடவடிக்கை தொடங்கியதும் அந்த வழி சண்டைக்களமாகி அடைபட்டது. அதன் பிறகு பொருள்களும் ஆட்களும் வந்துபோகும் வாசல்கள் மேற்குப் பக்கத்துக்கு மாறின. மன்னார்ப் பக்கத்து உயிலங்குளமும், பின்னர் பிரமனாலங்குளமும் அந்த வாசல்களாயின. மடு, பாலம்பிட்டி, மூன்றுமுறிப்பு, நட்டாங்கண்டல், பாண்டியன்குளம் என்று காட்டுப்பாதையில் குலுங்கிக் குலுங்கி வரும் லொறி முதலில் காணும் பெரிய குடியிருப்பு மல்லாவியாக இருந்தது. அங்கே மொத்தமாக இறக்கினால் துணுக்காய், அக்கராயன், ஸ்கந்தபுரம் என்று சில்லறைக்குப் பிரித்து அனுப்பலாம். வைத்தியசாலையும் மத்திய கல்லூரியும் அங்கேயே இருந்தன. இடம்பெயர்ந்து வந்த அரச அலுவலகங்கள் சிலவும் சுற்றுவட்டாரத்தில் இயங்கின. ஆக, வைத்தியசாலைக்கு வருபவர், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வருபவர், நிவாரண அட்டை அலுவலாக வருபவர் எல்லோரும் கடைத்தெருவை மிதிக்காமல் போக முடியாது. 1990களின் பிற்பகுதியில் வன்னியில் மலேரியா எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதை அறிந்தவர்களுக்கு, வைத்தியசாலை வாசலில் தேத்தண்ணிக் கடைகள் ஏன் அத்தனை இருந்தன என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொரு கேள்வியும் எழ வேண்டும். வீடு வாசலை விட்டு வந்த சனத்திடம் வாங்கக் காசு எங்கே இருந்தது? வெளியிலிருந்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் இதை யோசிப்பதில்லை. போர்க்காலம் முழுவதும் ஆசிரியர்களுக்கும் அரச ஊழியர்களுக்கும் கொழும்பு சம்பளம் அனுப்பிக்கொண்டே இருந்தது; அந்தச் சம்பள நாள்களில் கடைத்தெரு நிறைந்துவிடும். வெளிநாட்டில் இருந்த பிள்ளைகள், சகோதரங்கள் அனுப்பிய காசு உண்டியல் என்ற கைமாற்று முறை வழியாக வந்தது. மூன்றாவது, தாலிக்கொடியும் காப்பும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்கள் நிலத்தைக் கொண்டுவர முடியாது, நகையைக் கொண்டுவந்தன. மல்லாவியில் நகைக்கடைகள் அத்தனை இருந்ததற்குக் கலியாணங்கள் மட்டும் காரணம் என்று நினைக்கக் கூடாது. அடைவு வைக்கவும் விற்கவும்தான் அதிகம் பேர் அங்கே போனார்கள். இவற்றோடு எங்கள் பக்கத்து விவசாயிகளின் நெல்லும் சேர்ந்துகொண்டது. நிவாரண அரிசி கிடைத்தாலும், புது நெல்லுக் குத்தரிசிக்கு எப்போதும் ஆள் இருந்தது. என் அபிப்பிராயத்தில், வந்தவர்களின் வியாபாரத் திறமையும் இருந்தவர்களின் நெல்லும் காணியும் சேராவிட்டால் அந்தக் கடைத்தெரு ஒரு மாரிகூடத் தாக்குப்பிடித்திருக்காது. வீதியோரக் காணிக்காரர் பலர் தொடக்கத்தில் வாடகை என்று எதையும் கேட்கவில்லை. பிற்பாடு கேட்டார்கள், அதில் மனஸ்தாபங்களும் வந்தன. அதை மறைக்க வேண்டியதில்லை.

கடைகளின் தோற்றத்தைப் பற்றி அம்மா என்ன சொன்னார் என்று நீங்கள் எழுதவில்லை. கல்லால் கட்டிய கடைகள் மிகக் குறைவு. சீமெந்தும் இரும்பும் தடைசெய்யப்பட்ட பொருள்கள். கட்ட நினைத்தாலும் கட்ட முடியாது. காட்டுத்தடி நட்டு, கிடுகால் அல்லது தறப்பாளால் வேய்ந்து, அரைச்சுவருக்கு மண் குழைத்து வைத்து, முன்னால் பலகை அடித்து மூடும் கடைகள்தான் அனைத்தும். தகரம் வைத்திருந்தவர்களும் அதன்மேல் கிடுகை அல்லது குழையைப் போட்டு மூடினார்கள். வெயில் பட்டுத் தகரம் மினுங்கினால் மேலிருந்து தெரியும் என்ற பயம். அந்தப் பயம் வீணானதல்ல. 1999 செப்ரெம்பர் 15ஆம் திகதி புதுக்குடியிருப்பு மந்துவிலில் சனம் கூடியிருந்த சந்தைப் பகுதியில் விமானப்படையின் கிபிர் போர் விமானங்கள் குண்டு போட்டதில் 20க்கும் மேற்பட்ட பொதுமக்கள் செத்துப்போனார்கள். அதன் பிறகு மல்லாவியிலும் கடைகளுக்கு இடையில் இடைவெளி விட்டார்கள். மரநிழலை விட்டு வெளியே எவரும் கடை போடவில்லை. ஒவ்வொரு கடைக்குப் பின்னாலும் ஒரு பங்கர் இருந்தது. விமானச் சத்தம் கேட்டால் வாடிக்கையாளரும் முதலாளியும் ஒன்றாக அதற்குள் இறங்குவார்கள். சத்தம் போன பின்னர் மேலே வந்து, விட்ட இடத்திலிருந்து விலை பேசுவார்கள். எங்களுக்கு, அதாவது பிள்ளைகளுக்கு, இது ஒரு விசித்திரமாகவே தெரியவில்லை. கடை என்றால் பின்னால் பங்கர் இருக்கும், அவ்வளவுதான்.

இனிப் பொருள்கள். 1990 முதல் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்கு அரசாங்கம் பொருளாதாரத் தடை போட்டிருந்தது. பெற்றோல், பற்றறி, சீமெந்து, இரும்பு, யூரியா போன்றவை முற்றாகவோ பெரும்பாலுமோ வராது. மண்ணெண்ணெய், சவர்க்காரம், மருந்து போன்றவை அளவோடு வரும், வராமலும் விடும். சோதனைச்சாவடியில் லொறியை முழுவதும் இறக்கிச் சோதித்து, இரு தரப்புக்கும் இடைப்பட்ட சூனியப் பிரதேசத்தைக் கடந்து, மறுபக்கத்தில் திரும்ப ஏற்ற வேண்டும். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, இப்பக்கத்து வரி எல்லாம் விலையில் ஏறும். அதனால் வவுனியா விலையும் மல்லாவி விலையும் ஒருபோதும் ஒத்துப்போகவில்லை. என் அம்மா என்னைக் கடைக்கு அனுப்பும்போது சாமான் பெயரைச் சொல்லிவிட்டு, "இல்லையெண்டால் என்ன இருக்கெண்டு கேட்டுக்கொண்டு வா" என்று சேர்த்துச் சொல்வார். அதுதான் அந்தக் காலத்துக் கடைக்குப் போகும் முறை.

இப்படி இல்லாத பொருள்களைச் சுற்றியே ஒரு தனி வியாபாரம் வளர்ந்தது. பெற்றோல் இல்லாததால் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. எஞ்சின் சூடாகும் வரைக்கும் மண்ணெண்ணெய் பற்றாது என்பதால், ஒரு சின்னப் பிளாஸ்ரிக் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலைச் சில துளிகள் காபுறேற்றருக்குள் பீச்சி உதைப்பார்கள். முதல் புகை வெள்ளையாக எழுந்து கடைத்தெருவையே மூடும். அந்தச் சில துளிப் பெற்றோலைச் சிறிய மருந்துப் போத்தல்களில் அளந்து விற்றவர்கள் இருந்தார்கள். வெறும் ஜாம் போத்தலுக்கும் விலை இருந்தது. அதன் அடியில் பஞ்சை வைத்து, மண்ணெண்ணெயால் நனைத்து, பழைய சைக்கிள் ரியூப் வால்வுக்குள் திரியைக் கோத்து நிறுத்தினால், கண்ணாடியே காற்றை மறைக்க, தேக்கரண்டிக் கணக்கு எண்ணெயில் ஓர் இரவு படிக்கலாம். நான் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்தது அந்த வெளிச்சத்தில்தான். வானொலி கேட்கப் பற்றறி வேண்டாம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் எடுத்தால் செய்தி கேட்கலாம். இதற்கென்று வயர், டைனமோ, பழைய றேடியோத் துண்டுகளைச் சாக்கில் பரப்பி விற்ற ஓர் அண்ணை சந்திக்கு அருகில் இருந்தார். பள்ளிக்கூடம் விட்டால் நான் அதிக நேரம் நின்றது அவருடைய சாக்குக்கு முன்னால்தான். செத்துப்போன பற்றறியை வெயிலில் காயவைத்து இன்னும் சற்று நேரம் பாடவைக்கும் வித்தையையும் அவர்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தார், காசு வாங்கவில்லை.

புடவைக்கடைகளில் வகை குறைவு. தையற்கடைகளில் வேலை அதிகம். புதுத்துணி எடுத்துத் தைப்பதைவிட, அண்ணனின் காற்சட்டையைத் தம்பிக்கும் அம்மாவின் சேலையைத் தங்கைக்குப் பாவாடை சட்டையாகவும் வெட்டித் தைப்பதுதான் தையற்காரரின் முக்கிய தொழில். புத்தகக்கடை என்று அம்மா சொன்னது உண்மை. கொப்பிகளும் பழைய பரீட்சை வினாத்தாள்களும் இருந்தன. பழைய பாடப்புத்தகங்களை அரைவிலைக்கு வாங்கி விற்றார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஆசிரியர்கள் நடத்திய தனியார் வகுப்புகள் பெருகியதால் அக்கடைகளும் பெருகின. வன்னிப் பிள்ளைகளாகிய எங்களுக்குக் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் அப்படியான ஆசிரியர்கள் ஒன்றாகக் கிடைத்தது இடப்பெயர்வால் வந்த ஒரு நன்மை. அதைச் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது, ஆனாலும் உண்மை.

கூல்பாரைப் பொறுத்தவரை அம்மாவிடம் ஒரு தடவை மறுபடியும் கேட்டுப் பாருங்கள். மின்சாரம் இல்லாத ஊரில் ஐஸ் என்பது ஜெனரேற்றர் வைத்திருப்பவரின் தயவு. மண்ணெண்ணெய் கிடைக்கும் வாரத்தில் ஐஸ்பழம் வரும், கிடைக்காத வாரத்தில் வராது. சர்பத்தைப் பானைத் தண்ணீரில் கரைத்துக் கசகசா போட்டுத் தந்த கடைகள் இருந்தன. நாங்கள் அதைத்தான் கூல்பார் என்று சொன்னோம். உள்ளூரில் இருந்து வந்த தீனிகள்தான் எப்போதும் குறையாதவை. வெதுப்பகத்துப் பாணும் சீனிப் பணிஸும், எண்ணெய்ச் சட்டியிலிருந்து நேரே எடுத்துத் தரும் வாய்ப்பன், பழைய ஈழநாதம் பத்திரிகைத் தாளில் சுற்றிய கச்சான் சரை ஆகியவற்றைச் சொல்லலாம். ஆனி, ஆடியில் காட்டுக்குப் போனவர்கள் பாலைப்பழத்தை வாளியில் கொண்டுவந்து பேணியால் அளந்து விற்பார்கள். அதைத் தின்றால் பால் உதட்டில் ஒட்டும். கொஞ்சம் தேங்காய் எண்ணெய் பூசித்தான் கழற்ற வேண்டும். வவுனிக்குளத்து விராலும் ஜப்பான் மீனும் காலையிலேயே முடிந்துவிடும். பொருளாதாரத் தடை எதுவும் இவற்றைத் தொடவில்லை. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குப் பாலைப்பழம் தின்னச் சொல்லிக்கொடுத்தது நாங்கள். றோல்ஸை எங்களுக்குக் காட்டியது அவர்களுடைய கடைகள்.

இவ்வளவும் சேர்ந்து, துணுக்காய் வீதிப் பக்கமும் மாங்குளம் வீதிப் பக்கமும் வரிசையாகக் கடைகள் நீண்டிருந்தபோதுதான் உங்கள் அம்மா அதைப் பார்த்திருக்கிறார். வெளிச்சமும் இரைச்சலும் இல்லாத காட்டு ஊர்களிலிருந்து வரும் பிள்ளைக்கு அது வட்டாப்பளை அம்மன் கோயில் பொங்கல் கடைவரிசையைப் போல, ஆனால் ஒவ்வொரு நாளும் நடக்கும் பொங்கலைப் போல இருந்தது.

மங்கத் தொடங்கியது எப்போது என்று பலர் 2008ஐச் சொல்வார்கள். அது சரியல்ல. 1998 செப்ரெம்பர் இறுதியில் கிளிநொச்சி மீண்டும் புலிகள் வசமானபோதே முதல் அசைவு தெரிந்தது. கிளிநொச்சிக்காரர் சிலர் காணியைத் துப்புரவாக்கப் போய்வரத் தொடங்கினார்கள். இருந்தும் சுவரும் கூரையும் இல்லாத ஊருக்குக் கடை திரும்பவில்லை. 2002 ஜனவரியில் பொருள் தடையின் பெரும்பகுதி நீக்கப்பட்டது. பெப்ரவரி 22ஆம் திகதி போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. சித்திரையில் ஏ9 வீதி யாழ்ப்பாணம் வரை திறந்தது. மல்லாவிக்குச் சோறு போட்ட காரணங்கள் எல்லாம் அந்தச் சில மாதங்களில் ஒன்றொன்றாக இல்லாமல் போயின. சாமான் இனி ஏ9 வீதியில் ஓமந்தையால் நேரே கிளிநொச்சிக்கு வரும். மேற்குக் காட்டுப்பாதை தேவையில்லை. யாழ்ப்பாணத்தவர்களுக்கு ஊர் திறந்துவிட்டது. அலுவலகங்கள் கிளிநொச்சிக்குத் திரும்பின. தட்டுப்பாட்டில் பிறந்த தொழில்களுக்கும் வேலை இல்லை. பெற்றோல் நிலையம் வந்த பிறகு துளிப் பெற்றோலை யார் வாங்குவார்?

கடைகள் போன விதத்தை நான் அருகிலிருந்து பார்த்தேன். ஒருநாளும் யாரும் 'கடை மூடுகிறோம்' என்று எழுதிப் போடவில்லை. முதலில் கண்ணாடி அலுமாரி போகும், பிறகு சாமான், கடைசியில் கூரைத் தகரத்தைக் கழற்றி, ஆணியைக்கூட நிமிர்த்திப் பேணியில் போட்டுக்கொண்டு போவார்கள். கிடுகும் தடியும் காணிக்காரருக்கு. கடைக் கொப்பியில் எழுதிக் கடன் வைத்திருந்த விவசாயிகள் சிலர் சிறுபோகம் முடிந்ததும் நெல் மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளிநொச்சி வரை போய்க் கடனைக் கொடுத்துவிட்டு வந்தார்கள், சிலர் கொடுக்கவில்லை. என் வகுப்பில் பாதிப் பேர் அந்த ஆண்டில் போய்விட்டார்கள். ஊரெல்லாம் சமாதானத்துக்கு மகிழ்ந்துகொண்டிருக்க, மல்லாவிச் சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தவர்கள் மட்டும் முகம் சுருங்கி இருந்தது எனக்கு அப்போது விளங்கவில்லை.

கிளிநொச்சியின் நல்ல காலம் அதன் பிறகுதான். 2002 முதல் சில ஆண்டுகள் ஏ9 வீதியின் இரு மருங்கிலும் வெளிச்சமான கடைகள் எழுந்தன. சேரன், பாண்டியன் என்ற பெயர்களில் உணவகங்களும் வாணிப நிலையங்களும் இயங்கின. குளிர்களி (ஐஸ்கிறீம்) தட்டுத்தடங்கல் இல்லாமல் கிடைத்தது. முறிகண்டியில் நின்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கும் வாகனங்களின் தொகை பெருகியது. 2006 ஓகஸ்டில் வீதி மறுபடி மூடப்பட்டது. அடுத்த கட்டப் போர் மேற்கிலிருந்து வந்ததால், மல்லாவியில் மிஞ்சியிருந்த கடைகளும் 2008 ஆடி, ஆவணியில் கூரையைக் கழற்றிக்கொண்டு கிழக்கே போயின. செப்ரெம்பர் தொடக்கத்தில் படையினர் மல்லாவிக்கு வந்தபோது அங்கே சனம் இல்லை. 2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சியும் போனது. அதற்குப் பின்னர் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஒவ்வொரு இடத்திலும் சில வாரங்கள் நடந்த கடைகளைப் பற்றி இங்கே எழுத நான் விரும்பவில்லை. அது கடைத்தெருவின் கதைக்குள் அடங்காது.

போர் முடிவில் சனத்தை வைத்திருந்த செட்டிகுளம் முகாம்களிலிருந்து 2009 இறுதி முதல் மீள்குடியேறியபோது மல்லாவிக்குத் திரும்பியவர்கள் பெரும்பாலும் எங்களைப் போன்ற பழைய விவசாயக் குடும்பங்கள். ஆகவே நீங்கள் இன்று பார்த்த மல்லாவி, அழிந்துபோன நகரத்தின் மிச்சம் என்பதைவிட, 1990க்கு முன்னர் இருந்த சந்தியின் தொடர்ச்சி என்று கொள்வதே சரி. வங்கி, வைத்தியசாலை, மத்திய கல்லூரி, நெல் வியாபாரம், உரக்கடை என்று விவசாய ஊருக்கு வேண்டியவை இருக்கின்றன. அங்கே நகைக்கடை வரிசை இல்லையே என்று எங்கள் ஊரவர் கவலைப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. யாழ்ப்பாண வியாபாரிகளில் பலர் ஊருக்கே போனார்கள். சிலர் வெளிநாடு போனார்கள். கிளிநொச்சியில் தங்கிய சிலருக்கு 2016 செப்ரெம்பரில் பொதுச் சந்தைக் கடைகள் எரிந்ததில் மறுபடியும் எல்லாம் போனது.

அம்மா சொல்பவை எந்த ஆண்டுக்குரியவை என்று அறிய விரும்பினால், ஆண்டைக் கேட்காதீர்கள். எவருக்கும் சரியாக நினைவிருக்காது. சாமான் எந்தப் பக்கத்தால் வந்தது என்று கேளுங்கள். தாண்டிக்குளம் என்றால் 1997 நடுப்பகுதிக்கு முன்னர். உயிலங்குளம் அல்லது பிரமனாலங்குளம் என்றால் அதற்குப் பின்னர். மடுப் பக்கம் சண்டை நடந்து ஒரு பொருளும் இல்லாமல் இருந்தோம் என்றால் 1999. அந்த ஆண்டு பங்குனியில்தான் 'ரணகோச' நடவடிக்கையில் மடு, பாலம்பிட்டிப் பகுதிகள் படையினர் கைக்குப் போய், கார்த்திகையில் திரும்பின. ஓமந்தையால் பஸ்ஸில் போய் வாங்கினோம் என்றால் அது 2002க்குப் பிந்தியது. அப்போது அவர் நினைவில் இருக்கும் கடை மல்லாவியில் இருந்ததா, கிளிநொச்சியில் இருந்ததா என்பதையும் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒரே முதலாளி, ஒரே பலகை, இரண்டு ஊர் என்பது அக்காலத்தில் சாதாரணம். புதுக்குடியிருப்பில் இருந்த உறவினர்களிடம் விசாரிக்கும்போது மட்டும் இந்தக் கணக்கைப் பயன்படுத்த வேண்டாம். அந்தக் கடைத்தெரு முல்லைத்தீவுக் கரையோரத்துக்கும் கிழக்கு வன்னிக்கும் பொதுவாக இருந்ததால் 2002இல் சுருங்கவில்லை. 2009 தொடக்கம் வரை நடந்துகொண்டுதான் இருந்தது.